தலைக்கட்டும் படுக்கையும்: ஊர் தேடும் இணையர் குறித்துச் சில குறிப்புகள்

1

கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகாத, இருவருமே வேலைக்குப் போகிற ஒரு ஜோடி எந்த ஊரில் போய்க் குடியேறுவது? பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகளும் வீடு விற்கும் கம்பெனிகளின் விளம்பரங்களும் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிலையும் தாமே சொல்லிவிடுகின்றன. வேலைவாய்ப்புக்கு இத்தனை மதிப்பெண், வாடகைக்கு இத்தனை, தண்ணீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பொழுதுபோக்கு என்று கூட்டி ஒரு வரிசை. இதை அரசாங்கமும் செய்தது. மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் எளிதாக வாழ்வதற்கான நகரங்கள் என்று ஒரு குறியீட்டை வெளியிட்டது. 2018இல் புனே முதலிடம். 2020ஆம் ஆண்டுக்கான பட்டியலில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பெங்களூர் முதலிடம், சென்னை நான்காமிடம்.

இந்தப் பட்டியல்களை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால் அவற்றுக்குள் ஒரு 'நாம்' உட்கார்ந்திருப்பது தெரியும். அந்த 'நாம்'முக்குச் சாதி கிடையாது. கருவுறுகிற உடல் கிடையாது. கையில் அட்வான்ஸ் பணம் இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 'நாம்' இரண்டு பேரானாலும் ஒரே ஆள். கணவனுக்கு நல்ல ஊர் மனைவிக்கும் நல்ல ஊர். ஊர்களெல்லாம் சந்தையில் கொட்டிவைத்த கத்தரிக்காய் மாதிரி சும்மா கிடக்கின்றன. நாம் போய்ப் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. கத்தரிக்காய் நம்மைப் பொறுக்குவதில்லை. ஊர் பொறுக்கும். பட்டியலில் இல்லாதது இந்தச் சங்கதிதான்.

இதை எனக்கு விளங்கவைத்தது கோட்பாட்டு நூல் எதுவுமில்லை. பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரிப் பக்கத்து ஊரான காட்டூரில், ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு. அந்தப் பையன் துறைமுகப் பக்கம் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவன். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி விடுதியில் தங்கி மூன்று வருஷம் வேலை செய்தவள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே போவது என்று ஆறு மாதமாகப் பேச்சு. அம்பத்தூரா, ஸ்ரீபெரும்புதூரா, ஏரிக்கு மேற்கே ஆந்திர எல்லையில் இருக்கிற ஸ்ரீசிட்டியா, பெங்களூரே போய்விடலாமா? நானும் நாலு விஷயம் தெரிந்தவன் என்ற நினைப்பில் ஒவ்வோர் ஊரின் நல்லது கெட்டதை அடுக்கிக்கொண்டு போனேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, எந்த ஊருன்றது அப்பறம். எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துக்கிற ஊரு எது, அத மொதல்ல சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கும் முயற்சிதான் இந்தக் குறிப்புகள்.

2

காட்டூரிலிருந்து பார்க்கும்போது 'நகரத்தைத் தேர்ந்தெடுப்பது' என்ற சொற்சேர்க்கையே தலைகீழாகத் தெரிகிறது. இவர்கள் நகரத்தைத் தேர்ந்தெடுக்க யோசிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நகரம் இவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரைச் சென்னைக்கும் ஆலைகளுக்கும் 1960களிலிருந்து உறிஞ்சி எடுத்ததில் கடல்நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் மின்சாரம் தர ஆரம்பித்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது. நிலத்தடி நீர் உப்பான அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர், சென்னைக்கு. கப்பல் கட்டும் தளத்துக்கும் துறைமுகத்துக்குமாகக் காட்டுப்பள்ளிக் குப்பத்தையே இடம்பெயர்த்தார்கள். கைமாறாகக் கிடைத்த வேலைகள் ஒப்பந்த வேலைகள். நிரந்தரம் செய்யச் சொல்லி அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடின. அந்தத் துறைமுகத்தை அதானி குழுமம் 2018இல் வாங்கியது. 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிப்பதாக ஒரு திட்டம் போட்டது. 2021 ஜனவரி 22இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

ஏரியின் மறுபக்கத்திலும் இதே கதை. ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ராக்கெட் 1971இல் பறந்தது. அதற்காகத் தீவில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்றைக்கும் ராக்கெட் விடுகிற நாள்களில் மீனவர்கள் தொழிலுக்குப் போகக் கூடாது.

இன்னும் பின்னே போகலாம். டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் கால் ஊன்றினார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. ஊரைச் சுற்றியிருந்த தறிகள் அவர்களுக்காக ஓடின. 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சோழமண்டலக் கரையில் எந்த ஊர் லாபம், எந்த ஊர் நட்டம் என்று அன்றைக்கும் ஒரு பட்டியல் யாரோ ஒரு குமாஸ்தா போட்டிருப்பான். ஊரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கம்பெனிக்கு எப்போதுமே இருந்திருக்கிறது. நெய்தவர்களுக்கு இருந்ததா?

ஆக இந்தப் பையனும் பெண்ணும் எடுக்கப்போகிற முடிவு காலித் தாளில் எழுதப்படுவதில்லை. நானூறு வருஷக் கணக்கு ஏற்கெனவே அதில் எழுதப்பட்டிருக்கிறது.

3

'அப்ப, ஊர்லயே இருந்திடுங்களேன்?' இப்படிச் சொல்வது நம் ஆட்களுக்குச் சுலபம். நெய்தல், பொதுச்சொத்து, மரபறிவு என்று நாமும் நிறைய எழுதியாகிவிட்டது. அந்தப் பொதுச்சொத்து யாரை எண்ணுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம்.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்க்குப்பம் போன்ற குப்பங்கள் ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறைவைத்துச் சுத்து வலை போடுகின்றன. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது. ஒருவர் அள்ளிக்கொண்டு போக மற்றவர் வெறும் வலையோடு திரும்புகிற நிலை வராது. அரசு அதிகாரி யாரும் இல்லாமல் ஊரே நடத்துகிற நிர்வாகம். அருமையான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆய்வாளர்கள் கொண்டாடுவதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் பாட்டில் பங்கு கிடைக்க 'தலைக்கட்டு' ஆக வேண்டும். பட்டினவர் சாதியில் பிறந்திருக்க வேண்டும், அந்தக் குப்பத்து ஆணாக இருக்க வேண்டும், பொதுவாகக் கல்யாணமும் ஆகியிருக்க வேண்டும். வேறு சாதி மீனவர்களுக்கு அதில் இடமில்லை. இதை வைத்துச் சச்சரவுகள் நடந்திருக்கின்றன. இருளர்கள் வலையில்லாமல், ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே. மீனைக் கூடையில் சுமந்து விற்று வீட்டை நடத்துகிற பெண்ணும் கணக்குக்கு வெளியேதான்.

இங்கே கல்யாணம் என்ன செய்கிறது என்று பாருங்கள். பையனைத் தலைக்கட்டாக்குகிறது, ஏரியில் அவனுக்கு ஓர் இடம் தருகிறது. பெண்ணைப் பொறுத்தவரை அவள் பிறந்த குப்பத்திலிருந்து பெயர்த்து, புருஷனின் தலைக்கட்டுக்குள் ஓர் ஆளாக வைக்கிறது. அவள் தலை தனியாகக் கட்டப்படுவதில்லை. ஏரி அந்த ஜோடியை எண்ணுகிறது, ஆனால் ஒன்று என்று எண்ணுகிறது.

இடப்பெயர்வு ஒப்பந்தங்களிலும் இதே கணக்குத்தான். குடும்பத்துக்கு ஒரு வேலை என்பார்கள். அந்த ஒன்று யார் என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

4

சரி, நகரம்? அங்கே தலைக்கட்டு கிடையாது. அங்கே அலகு வேறு.

2024 ஆகஸ்ட்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகப் பிரம்மாண்டமான விடுதி திறக்கப்பட்டது. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்குவதற்காகச் சிப்காட் கட்டியது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 18,720 பேர் தங்கலாம். அறைகளிலோ வீடுகளிலோ சொல்லாமல் இதைப் படுக்கைகளில்தான் சொல்கிறார்கள். தலைக்கட்டு ஆணின் அலகு என்றால் படுக்கை தனிப்பெண்ணின் அலகு. ஷிஃப்ட் முடிந்து வந்து விழுந்து எழுந்து போவதற்கு ஓர் இடம். அதில் புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது, சமையல் கிடையாது. படுக்கை தேவைப்படுகிற கட்டம் கல்யாணத்தோடு முடிந்துவிடும் என்பது அந்தக் கட்டடத்தின் எழுதப்படாத வாசகம்.

திண்ணையில் பேசிய அந்தப் பெண்ணின் கம்பெனி எதுவோ, பெயர் வேண்டாம். மூன்று வருஷம் அங்கே நன்றாகத்தான் இருந்தேன் என்றாள். "கல்யாணம் ஆச்சுன்னு சொன்னா திரும்ப எடுப்பாங்களான்னு தெர்ல. மெட்டியக் கழட்டிட்டுப் போலாமான்னு கூட யோசிச்சேன்" என்றும் சொன்னாள். இது ஒரு தனி மனுஷியின் பயம் மட்டும் இல்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று விரிவாக எழுதியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப் பேர் மணமானவர்கள் என்றும், உலோக நகை கூடாதென்பது பாதுகாப்பு விதி என்றும் நிறுவனத் தரப்பு அரசிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. 1976ஆம் ஆண்டுச் சமஊதியச் சட்டம் ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. மணமான பெண் என்பதற்காகக் காட்டலாமா என்ற இடத்தில்தான் வாதமே.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏரியில் கல்யாணம் ஆனால்தான் ஆணுக்கு இடம். ஆலை வாசலில் கல்யாணம் ஆகிவிட்டால் பெண்ணுக்கு இடம் சந்தேகம். ஒரே சடங்கு ஓரிடத்தில் நுழைவுச்சீட்டாகவும் இன்னோரிடத்தில் வெளியேற்றும் சீட்டாகவும் ஆகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே 'தம்பதியர் தேர்ந்தெடுக்க ஏற்ற நகரம்' எங்கே இருக்கும்?

அரசின் கணக்கெடுப்பும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. 2020-21இல் எடுத்த காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி, இந்தியாவில் இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதம் பேர் கல்யாணத்தால் இடம்பெயர்ந்தவர்கள். படிவத்தில் ஒரு காரணத்துக்குத்தான் இடம். கல்யாணமாகி வந்து அடுத்த மாதமே வேலைக்குப் போனவளும், வேலைக்குப் போகலாம் என்ற நினைப்பிலேயே அந்த ஊர் மாப்பிள்ளைக்குச் சம்மதித்தவளும் 'திருமணம்' என்ற ஒரே கட்டத்துக்குள் விழுகிறார்கள். அவளுடைய திட்டம் புள்ளிவிவரத்தில் காணாமல்போகிறது.

இதை எழுதும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. படுக்கை வெறும் சிறை என்று நான் சொல்ல வரவில்லை. காட்டூர்ப் பக்கத்துப் பெண் முதன்முதலாகத் தன் பெயரில் சம்பளம் வாங்கியது அங்கேதான். ஏழெட்டு மாவட்டத்துப் பெண்களோடு சாதி கேட்காமல் படுத்து எழுந்ததும் அங்கேதான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, விடுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். படுக்கைகளாக எண்ணப்பட்டவர்கள் அன்றைக்கு ராத்திரி ஆட்களாக எண்ணப்பட்டார்கள்.

5

தமிழில் ஊர் மாறிப் பிழைக்கப் போன இளந்தம்பதி என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர்கள் கோவலனும் கண்ணகியும். சிலப்பதிகாரத்தை ஊழ், கற்பு, அரசநீதி என்று எத்தனையோ விதமாக வாசித்தாயிற்று. இடப்பெயர்வின் கதையாக ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். சொத்தைத் தொலைத்தவன் கோவலன். முதலீடு கண்ணகியின் சிலம்பு. ஊரைத் தேர்ந்தெடுத்தது யார்? கோவலன்தான். மதுரை பெரிய சந்தை, வணிகம் நடக்கும் என்பது அவன் கணக்கு. முதல் போட்டவளிடம் மதுரையா வஞ்சியா என்று ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. விடிவதற்கு முன்பு, உற்றாருக்குச் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த நகரத்தில் அவர்களுக்கு வீடு கொடுத்தது இடைச்சியான மாதரி. கோட்டைக்கு வெளியே, ஆயர் குடியிருப்பில். இடம் தருகிறவர்கள் எப்போதும் விளிம்பில் இருக்கிறவர்கள்தான் போலும். கோட்டைக்கு உள்ளே போனவனுக்கு என்ன நடந்தது? புது ஆள், கையில் விலை உயர்ந்த பொருள், சாட்சி சொல்ல உள்ளூரில் யாருமில்லை, ஆகவே கள்வன். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி வாடகை வீட்டில் இருந்த வெளிமாநிலத்தார் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. அதற்குப் பிறகு, வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்குச் சென்னையில் உத்தரவு போட்டார்கள். வந்தவனைச் சந்தேகிப்பதில் பாண்டியன் காலத்து நகரத்துக்கும் இந்தக் காலத்து நகரத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இதில் இன்னொரு கூத்து. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்காகக் குடிசை மாற்று வாரியம் 2000இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் உருவாக்கிய குடியிருப்புக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். கேட்காமல் ஊர் மாற்றப்பட்டவளின் பெயரை, கேட்காமல் ஊர் மாற்றப்பட்டவர்களின் இடத்துக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் அலகு 'வீடு'தான். பாத்திரம் தேய்க்கப் போகிற வீடு எத்தனை மைல் தள்ளிப்போனது, பெண்ணின் வேலை என்ன ஆனது என்பதெல்லாம் ஒதுக்கீட்டு ஆணையில் வராது.

6

அப்படியானால் நகரமும் வேண்டாம், குப்பமும் வேண்டாமா? இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்கிறவர்களை எதிர்த்துப் பேசியதை மறந்துவிட்டு நெய்தல் பாட்டுப் பாட முடியாது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். சாதி மீறி மணந்தவர்களுக்கு ஊர் தேர்ந்தெடுப்பது என்பது மதிப்பெண் கூட்டுகிற விவகாரம் இல்லை. உயிர் தப்புகிற விவகாரம். அப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டம்தோறும் தனிப்பிரிவும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சொன்னது. 'நம்மை யாருக்கும் தெரியாது' என்பதை எந்தக் குறியீடாவது நகரத்தின் நல்ல குணமாகக் கணக்கில் எடுத்திருக்கிறதா?

ஆகவே நகரத்தை நிராகரிப்பது என் நோக்கமில்லை. எந்த நகரம் நல்ல நகரம் என்ற கேள்வியை, எந்த அலகில் நம்மை அது எண்ணுகிறது என்ற கேள்வியாக மாற்றலாம். அப்படி மாற்றினால் செய்வதற்கு வேலை இருக்கிறது. படுக்கைகள் கட்ட 700 கோடி செலவழிக்க முடிகிற அரசிடம், ஆலைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சமைத்துச் சாப்பிடுகிற, பிள்ளை பெற்றுக்கொள்ள முடிகிற வாடகை அறைகளைக் கேட்கலாம். தொழிற்சங்கங்கள் கூலியோடு நிறுத்தாமல் வீட்டு அட்வான்ஸையும் பேசலாம். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வேறு உடன்பாடு இருந்தால் தவிர என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்த 'தவிர'வில்தான் சென்னையே குடியிருக்கிறது. பாடு முறையைக் காப்பாற்றப் போராடுகிற நாம், பாட்டுக்குள் பெண்ணுக்கும் இருளருக்கும் பங்கு எங்கே என்று நம் குப்பத்துத் தோழர்களிடமே கேட்கலாம். துறைமுகத்தை எதிர்க்கிற நேரத்தில் இதைக் கேட்டால் ஒற்றுமை குலையும் என்பார்கள். எப்போது கேட்டால் குலையாது என்று அவர்களும் சொல்லட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 'இணையர்' என்பதையே ஒரு புது அலகாக்கினால் அது இன்னொரு தலைக்கட்டாக மாறுவதற்கு ரொம்ப நாள் ஆகாது. இரண்டு பேரையும் சேர்த்து எண்ண வேண்டும். தனித்தனியாகவும் எண்ண வேண்டும். ஒருநாள் அவள் அவனை விட்டுவிட்டுப் போக நினைத்தால், அந்த ஊரில் அவள் பெயர் மிச்சமிருக்க வேண்டும்.

போன மாதம் மறுபடி காட்டூர் போயிருந்தேன். மீஞ்சூரில் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறார்களாம். அவன் பழைய காண்ட்ராக்ட் வேலைக்கே கிழக்கே போவான். அவள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேறொரு வேலைக்கு வடக்கே போவாள். மூன்று வருஷம் கற்ற வேலையை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறாள். சம்பளம் முன்பைவிடக் குறைவு. நகரம் என்று சொல்ல முடியாத இடம், எந்தப் பட்டியலிலும் வராத இடம். ஒப்பந்தம் போட்டாச்சா என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு பேரையும் எழுதச் சொன்னேன்ணா" என்றாள். "வீட்டுக்காரரு சிரிச்சாரு."

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "அவரும் மொதல்ல சிரிச்சாரு. அப்பறம் எழுதச் சொன்னாரு" என்றாள். வீட்டுக்காரர் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.